வேடிக்கை பார்க்க ஓர் ஆள்

கருங்காக்குறிச்சியில் ரோட்டோரம் குழி தோண்டினாலும் சரி, கோபுரத்துக்குச் சாரம் கட்டினாலும் சரி, சாக்கடைக்குள் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்க நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் சரி, அந்த நாலு பேரோடு சேராமல் ஐந்தாவதாக ஒருவன் கரையில் நின்றுகொண்டிருப்பான், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, இமைக்க மறந்துபோய். அவன்தான் கொம்பையா. முப்பத்தைந்து வயதை எட்டிப் பிடித்துவிட்டான், கல்யாணம் ஆகவில்லை, அண்ணனுடைய மாவு மில்லில் கொஞ்ச நாள் நின்று பார்த்தான், நின்று பார்த்தான் என்பதுதான் சரி, பெல்ட் ஓடுகிற அழகில் மெய்மறந்து மூன்று வீட்டுக் கோதுமையையும் நாலாவது வீட்டு மிளகாய் வற்றலையும் ஒன்றாகத் திரித்துக் கொடுத்ததில் அந்த வேலையும் போயிற்று. அதன்பிறகு ஊரில் எங்கே எது நடந்தாலும் அங்கே இருப்பதே அவன் வழக்கமாகிவிட்டது.

அந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது, வேலை இல்லாதவர்களுக்குக் கட்சி இருந்தது, கொம்பையாவுக்கு இரண்டும் இல்லை. அவனை யாரும் விரட்டவும் மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள், மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருந்த ஆவுடைத்தங்கம் மட்டும், அவன் வந்து நின்றால் வெளிச்சத்தை மறைக்காமல் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டே இருப்பாள்.

"நான் நிக்கது உனக்கு எடஞ்சலா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"மத்தவங்க பாத்தா எதையாவது கேக்கத்தான் பாப்பாவ. நீங்க சும்மா பாக்கீய. அது நல்லாத்தான் இருக்கு" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள் அவள். அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில், எந்தக் குழியையும் தப்பவிடாத கொம்பையா ஒரு குழியைப் பார்க்காமலே போய் அதற்குள் விழுந்தான். மதினி பிரமாச்சி முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டபோதே விஷயத்தைப் புரிந்துகொண்டு ஆவுடையின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "மாப்ள என்ன செய்யுதாரு?" என்று அந்த அம்மா கேட்டாள். மதினி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கதை இங்கேயே நின்றிருக்கும், பேரூராட்சித் தலைவர் செந்தட்டி அண்ணாச்சி மட்டும் அன்றைக்குக் கோபப்படாமல் இருந்திருந்தால். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வருகிற பாடில்லை, தூசி மட்டும் கிளம்பி அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரைத் திட்டலாம் என்று திரும்பியவரின் கண்ணில் திறந்த வாயோடு நின்ற கொம்பையா பட்டான்.

"என்னடே, உனக்கு வேற சோலி கெடையாதா? நானும் பாக்கேன், எங்க போனாலும் முன்னால வந்து நிக்க. ஊர்ல ஒரு நாய்கூட திருடன் வந்தா குலைக்கி. நீ எதுக்குடே இருக்க?"

போர் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கொம்பையாவும் வழக்கம்போலக் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. எதுக்கு இருக்கோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்த பின்கட்டு அறையில் சுவரைப் பார்க்க உட்கார்ந்தான். அழுகை வந்தது, அதை மறைப்பானேன், நன்றாகவே வந்தது. இனிமேல் எதையும் பார்ப்பதில்லை என்று அந்தச் சுவரிடம் சொன்னான்.

மறுநாள் காலையிலிருந்து கருங்காக்குறிச்சியில் எதுவும் முடியவில்லை.

போர் வண்டியின் குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது, பாறையும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. பரோட்டா மாஸ்டர் வீசிய மாவு விரிந்துகொண்டே போய் மேசையைத் தாண்டி வாசல்வரை வந்தது, மடியமாட்டேன் என்றது. வாழைக்காய் மண்டி வைகுண்டமும் அவர் பங்காளியும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தார்கள், பிடித்தவர்களுக்கு அடிக்கவும் வரவில்லை விடவும் வரவில்லை, அவரவர் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து நின்ற வாக்கிலேயே ஊட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழாவில் நன்றி கூற வந்தவர் "இறுதியாக ஒன்றைச் சொல்லி" என்று ஆரம்பித்து, அந்த இறுதிக்குப் பிறகு இன்னோர் இறுதி, அதற்குப் பிறகும் ஓர் இறுதி என்று போய்க்கொண்டே இருக்க, இதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை, பிறகு அவரை மைக்கோடு தூக்கிக் கொண்டுபோய் வீட்டுக் கட்டிலில் விட்டார்கள். தாலுகா ரோட்டில் வெட்டிய வேப்பமரம் சாய்ந்தது, விழவில்லை, விழாமல் அப்படியே நின்றது.

முதலில் கொஞ்சம் பதறியவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். சாய்ந்த மரத்துக்கு அடியில் நிழல் அதிகமாக இருந்ததால் பைக்குகளை நிறுத்தினார்கள். விரிந்த பரோட்டா மாவைக் கொடியில் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையை நடத்தினார்கள். சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில் பழைய விஷயங்களைப் பேச ஆரம்பித்து, பிடித்த கையை எடுக்காமலே சிநேகமாகிவிட்டார்கள். ஒரு ஊர் எதற்குத்தான் பழகாது.

பிரமாச்சி அடுப்பில் வைத்த பால் விளிம்புவரை பொங்கி, நுரையோடு அங்கேயே நின்றது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கலாம் என்று பின்கட்டிலிருந்து வந்த கொம்பையா, சபதத்தை மறந்து, ஆகா, பால் இப்படியும் நிற்குமா என்று வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். பால் புஸ்ஸென்று வழிந்து அடுப்பை அணைத்தது.

பிரமாச்சி கெட்டிக்காரி. கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே பத்திரம் எழுதும் பொன்னையா, வந்த தும்மல் வெளியே வராமல், மூக்கு சுருங்கி, முகம் வானத்தைப் பார்த்திருக்க, இரண்டு நாளாக அதே நிலையில் நாற்காலியில் இருந்தார். "கொழுந்தனாரே, இவரக் கொஞ்சம் பாரும்" என்றாள். பொன்னையாவின் மூக்கு படுகிற பாட்டில் கொம்பையா லயித்துப் போனான். தெருமுனை வரை கேட்டது அந்தத் தும்மல்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, அப்பவே நினைச்சேன் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இத்தனை காலம் இவன் பார்க்காத காரியங்களும் முடிந்துதானே வந்தன என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கேட்டார். "அது அப்ப" என்று வைகுண்டம் பங்காளியின் சட்டையைப் பிடித்தபடியே பதில் சொன்னார், வாத்தியாருக்கும் அது போதுமானதாக இருந்தது.

செந்தட்டி அண்ணாச்சி பொன்னாடையோடு வந்தார். "கொம்பையா, நம்ம ஊருக்கு உம்மள விட்டா யாரு வேய் இருக்கா?" என்றார். அன்றைக்கு டே போட்டுத் திட்டியவர் உம்மும் வேயுமாக மாறியதைக் கொம்பையா கவனித்தான். மன்னிப்பு என்கிற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் அந்தப் பேச்சில் இருந்தன. கொம்பையாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அண்ணாச்சி சொல்லட்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவன் நடக்கவே இல்லை. ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் சுழல் நாற்காலியைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே குடை கட்டி, அவனை அதில் வைத்து ஊரெல்லாம் கொண்டுபோனார்கள். அவன் பார்க்க மரம் விழுந்தது, மாவு மடிந்தது, போரில் தண்ணீர் பீய்ச்சியடித்தது, கட்டிலில் கிடந்தவர் "நன்றி, வணக்கம்" சொல்லிவிட்டுத் தூங்கினார். வைகுண்டமும் பங்காளியும் அவனைப் பார்த்ததும் பதறிப்போய், எங்களப் பாக்காத, சண்டை ஞாவகம் வந்துரும் என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். ஆனால் அவன் பார்த்துவிட்டான். ஆளுக்கு ஒரு அறை விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் கண்ணேறு விஷயத்தில் நடந்தது. கருங்காக்குறிச்சி அதுவரை கண்ணுக்குப் பயந்த ஊர். கட்டுகிற வீட்டைச் சாக்குப் படுதா போட்டு மறைத்து, நாக்கைத் தொங்கவிட்ட பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள், பிள்ளைக்குச் சோறூட்டும்போது கதவைச் சாத்துவார்கள். இப்போது படுதாக்களை அவிழ்த்தார்கள், பூசணிக்காய்களைக் கூட்டு வைத்தார்கள், சாப்பிடாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, கொம்பையா, எம் பிள்ளையக் கண்ணு வச்சுட்டுப் போய்யா என்று கூப்பிட்டார்கள். ஒருவனால் எத்தனை இடத்தைப் பார்க்க முடியும் என்று யோசித்த அண்ணாச்சி, அவனுடைய கண்கள் இரண்டையும் பெரிதாக அச்சடித்து நாலு ரோடு முக்குகளிலும் ஃப்ளெக்ஸ் வைத்தார். ஒரு வேலையும் நகரவில்லை, ஆடுகள்தான் மிரண்டன. கடைசியில் கண்ணில் ஒன்றும் இல்லை, வாயில்தான் இருக்கிறது என்று பிரமாச்சி கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் நிஜமாகவே லயித்து வாய் திறந்தால்தான் காரியம் முடிந்தது, சும்மா முழித்தால் முடியவில்லை. அதன்பின் எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சங்கடம் இருந்தது. கொம்பையாவின் சொந்தக் காரியங்கள் முடியவில்லை. செய்கிறவனே நின்று வேடிக்கை பார்க்க முடியாதல்லவா. தானே சவரம் செய்தால் பாதித் தாடி நின்றது, அதற்கு நாவிதரிடம் போய்க் கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துச் சமாளித்தான். சட்டைக்குப் பொத்தான் போட்டால் மேலிருந்து எல்லாம் ஏறும், கடைசிப் பொத்தான் மட்டும் துளையின் வாசல்வரை வந்து நிற்கும். மதினி போட்டுவிட வந்தாள், அவன் வெட்கப்பட்டு வேண்டாம் என்றுவிட்டான். ஊரெல்லாம் முடித்து வைக்கிறவன் சட்டையின் நுனி காற்றில் ஆடிக்கொண்டே போனது.

அதைவிட, பார்ப்பது வேலையாகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு காக்கா கூடு கட்டினால் கடைசிக் குச்சிவரை நிற்பான். இப்போது ஒரு இடத்தில் வாய் திறந்ததுமே, "ஆச்சு, அடுத்த எடம்" என்று வண்டி கிளம்பிவிடும். கண் எரிந்தது, கனவில்கூடக் குழிகள் வரிசையில் நின்று கூப்பிட்டன. ஊர் தன்னைக் கூப்பிடாதா என்று எத்தனையோ வருஷம் ஏங்கியவன் கொம்பையா, இப்போது ஊர் கூப்பிட்ட கூப்பாட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது. அவன் வாய் நாளுக்கு நாள் தாமதமாகத் திறந்தது, சில இடங்களில் திறக்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆவுடையின் மெஷினுக்குப் பக்கத்தில் தைத்து முடியாத ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. அவள் ஒருத்திதான் அவனைக் கூப்பிடவில்லை. ஒருநாள் அவனே ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றான்.

"ஏன் ஆவுட, என்னக் கூப்பிடல?"

"கூப்பிட்டா வேல முடியும். அப்புறம் நீங்க போயிருவீய" என்றாள் அவள். பிறகு அவனுடைய சட்டை நுனியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரமாச்சி மறுபடி பெண் கேட்டுப் போனாள், இப்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்க ஆவுடையின் அம்மாவுக்கு வாய் வரவில்லை. பேச்சு முடிந்து, நாள் குறித்து, மண்டபம் பேசினார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆவுடை அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாத்தையும் நீங்க பாக்கீய, சரி. நம்ம கல்யாணத்த யாரு பாப்பா?" தாடி, பொத்தான், இப்போது தாலி. கொம்பையா ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னான். அவர் பெரிதாகச் சிரித்தார். "ஊரே வருது வேய். பாக்கத்தான வாரான்?"

ஊரே வந்தது உண்மைதான். கெட்டிமேளம் முழங்க, கொம்பையா குனிந்து மஞ்சள் கயிற்றை ஆவுடையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட, முடிச்சு இறுகுவதற்கு ஒரு நூல் இருக்கையில் நின்றது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பியபடியே நின்றது. முந்திக்கொண்டு எறிந்த அட்சதை அரிசி எல்லாம் மஞ்சள் மஞ்சளாக எல்லார் தலைக்கும் மேலே அந்தரத்தில் நின்றது.

ஏனென்றால் ஒருத்தரும் பார்க்கவில்லை. போட்டோகாரரும் வீடியோகாரரும் மேடையை மறைத்துக்கொண்டு நின்றார்கள், அவர்களும் பெட்டியின் சின்னத் திரையைத்தான் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதிப் பேர் முதல் பந்திக்கு இடம் பிடிக்கப் போயிருந்தார்கள். பெண்களில் ஒருத்தி புடவைக் கரையை இன்னொருத்தி அளந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி, எதிர்க்கட்சி ஆட்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் மேடையப் பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார். எல்லாரும் பார்த்தார்கள், கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள், வாயைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டார்கள். முடிச்சு அசையவில்லை. முகூர்த்தம் தாண்டப்போகிறது என்று ஐயர் முணுமுணுத்தார், பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தாள்.

"ஊரு பூராவும் நான் பாத்தேன், ஆவுட" என்று கயிற்றை விடாமல் மெதுவாகச் சொன்னான் கொம்பையா. "என்னப் பாக்கத்தான் ஆளில்ல."

"நான் பாப்பேன். கழுத்த நிமுத்தினா கயிறு நழுவிருமே, என்ன செய்ய?" என்றாள் அவள், குனிந்த தலையோடு.

அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். உத்தரவு போட ஒன்றும் இல்லை, ஓட இடம் இல்லை, அவருக்கு நினைவு தெரிந்து முதல்முறையாகக் கையில் ஒரு சோலியும் இல்லை. கண் தன்பாட்டில் கொம்பையாவின் விரல்களில் போய் நின்றது. அந்த விரல் நுனிகளில் மஞ்சள் ஏறியிருந்ததைப் பார்த்தார். மாலைப் பூ அவன் கையில் உரசிவிடாமல் அந்தப் பெண் தன் மாலையை ஒரு விரலால் விலக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தார். அவன் காதோரம் வியர்வை இறங்குவதை, அது தாடைக்கு வருவதை, விழலாமா வேண்டாமா என்று தொங்குவதை, தவிட்டுத் தூசி கொஞ்சம் அவன் புருவத்தில் ஒட்டியிருப்பதை, இவனை இத்தனை வருஷமாக நாம் பார்த்ததே இல்லையே என்பதை எல்லாம் பார்த்தார். கைகள் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன, வாய் லேசாகத் திறந்தது.

அவர் அப்படி எதைப் பார்க்கிறார் என்று பிரமாச்சி திரும்பினாள், அவள் வாயும் திறந்தது. வைகுண்டம் செல்போனை இறக்கினார், அவர் பங்காளியும் இறக்கினார். போட்டோகாரர் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சற்று விலகி நின்றார். பந்தியில் இருந்தவர்கள் சாம்பார் கையோடு வந்து வாசலில் நின்றார்கள். மண்டபம் முழுக்க ஒரே மாதிரி முகங்கள், கொம்பையாவின் முகம், கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்நெஞ்சுக்காரர்களுக்கும் அந்த ஒரே முகம்.

முடிச்சு இறுகியது. மேளம் இடித்தது. அரிசி முழுவதும் ஒரே நேரத்தில் தலைகளின் மேல் கொட்டியது.

அதற்குப் பிறகு குட்டியானையை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரியங்கள் இப்போதும் யாராவது நின்று பார்த்தால்தான் முடிகின்றன, ஆனால் நிற்பதற்கு ஆள் பஞ்சம் இல்லை, ரோட்டில் ஒரு பள்ளம் தோண்டினால் தோண்டுகிறவர்களைவிட நிற்பவர்கள் அதிகம், முன்வரிசையில் அநேகமாகச் செந்தட்டி அண்ணாச்சி இருப்பார். வேலைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கின்றன. ஊருக்கு அதில் குறை இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கொம்பையா குளித்துவிட்டு, சுவரில் தொங்கிய கண்ணாடியின் முன்னால் நின்று சட்டையை மாட்டினான். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தவன், கடைசிப் பொத்தானை வழக்கம்போலத் துளையின் வாசலில் விட்டுவிடப் போனான். அது தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

திரும்பினான். ஆவுடைத்தங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு பாதிக் கூந்தலில் நின்றிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்ன பாக்க?"

"சும்மாதான்" என்றாள்.

கொம்பையா அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டு, இன்னொரு தடவை மெதுவாகப் போட்டான்.